கோபுரத்தில் திறந்திருந்த வாய்

பேசும்போது என் முகம் எப்படி இருக்கும் என்பதை ஒரு பூதத்தைப் பார்த்துத்தான் நான் தெரிந்துகொண்டேன். அலங்காரத்துக்காக இப்படிச் சொல்லவில்லை. வடமதுரைக்குப் பக்கத்தில் இருக்கிற எங்கள் ஊர் அம்மன் கோயிலுக்குப் புதிதாக எழுப்பிய கோபுரத்தில், முதல் நிலைக்கு அடியில் குந்தியபடி, தலைக்கு மேலுள்ள அத்தனை தெய்வங்களின் பாரத்தையும் இடக்கையால் தாங்கிக்கொண்டிருக்கிறது அந்தச் சுதைப் பூதம். வலக்கையின் சுட்டுவிரல் எதிரே நிற்கும் யாரையோ குத்துவதுபோல் நீண்டிருக்கிறது. கழுத்து நரம்புகள் இரண்டும் கயிறாகப் புடைத்திருக்கின்றன. வாய் திறந்திருக்கிறது. சாதாரணத் திறப்பு இல்லை. தொண்டைக்குழி வரைக்கும் வெயில் இறங்குகிற திறப்பு. பூதத்துக்குரிய மீசையும் கோரைப்பல்லும் அதற்கு உண்டு. ஆனால் நெற்றியும் மூக்கும் கன்னமும் என்னுடையவை. நான் இருபத்துமூன்று வயதுப் பெண்.

என்னை இன்னார் என்று சொல்லிவிடுகிறேன். நான் மேடைப் பேச்சாளர். இந்தச் சொல்லைக் கூச்சமின்றி எழுதுகிறேன். உழைத்துப் பெற்ற சொல். பள்ளிக்கூடத்தில் தொடங்கி, கல்லூரிப் பேச்சுப் போட்டிகளில் வளர்ந்து, இன்று திண்டுக்கல் வட்டாரத்துக் கோயில் திருவிழாக்களிலும் கல்லூரி விழாக்களிலும் பட்டிமன்றம் பேசுகிறேன். எடுப்பு எப்படி இருக்க வேண்டும், தொடுப்பை எங்கே இறுக்க வேண்டும், முடிப்பை எந்த மூச்சில் சொன்னால் கூட்டம் தன்னை மறந்து கைதட்டும் என்பதெல்லாம் எனக்குப் பயிற்சியால் வந்தவை. என்னைவிட இருமடங்கு வயதானவர்கள் எதிரணியில் அமர்ந்து, நான் பேசி முடிக்கும்வரை தண்ணீர்ப் பாட்டிலின் மூடியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்ததைப் பார்த்திருக்கிறேன்.

கண்ணாடி முன் நின்று பேசிப் பழக வேண்டும் என்பது எங்கள் தொழிலின் பாலபாடம். நானும் பழகினேன். ஆனால் முதுகலை படிக்கும் நான் தங்கியிருப்பது திண்டுக்கல்லில் ஒரு பெண்கள் விடுதி. அறையில் மற்றவர்கள் தூங்கிக்கொண்டிருக்கையில் கண்ணாடியின் முன் முணுமுணுக்கத்தான் முடியும். ஆகவே கண்ணாடியில் நான் பார்த்தது முணுமுணுக்கிற பெண்ணை. மேடையில் உச்சக் குரல் எடுக்கிற பெண்ணை அந்தக் கண்ணாடி அறியாது. என் பேச்சைக் கைப்பேசியில் யாராவது படம்பிடித்து அனுப்பினால், ஏற்ற இறக்கம் சரியாக இருக்கிறதா என்று கண்ணை மூடிக் கேட்பேன். நாதஸ்வரம் வாசிப்பவர் தம் கன்னம் எவ்வளவு உப்புகிறது என்றா கவலைப்படுவார்? எனக்கு என் கலை காதில் இருந்தது. அதற்கு ஒரு முகமும் உண்டு என்பது தோன்றவே இல்லை.

ஆவணியில் கும்பாபிஷேகம். சடங்குகளின் நேர்முக வர்ணனையை நான்தான் செய்ய வேண்டும் என்று திருப்பணிக் குழுவின் தலைவர், முறையில் எனக்குப் பெரியப்பா, முன்கூட்டியே சொல்லிவிட்டார். கோபுரத்தில் யார் யார் எந்த நிலையில் இருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளாமல் வர்ணிப்பது எப்படி? அதற்காகவே முந்தைய வாரம் ஒரு நாள் பேருந்தேறி ஊருக்கு வந்து, பையை வீட்டில் போட்டுவிட்டு, அம்மாவைக்கூட அழைக்காமல் கோயிலுக்குப் போனேன்.

சாரம் இன்னும் பிரிக்கப்படவில்லை. சவுக்குக் கம்புகளின் இடைவெளியில் கோபுரம் துண்டு துண்டாகத் தெரிந்தது. மேல்நிலைகளுக்கு வர்ணம் ஏறிவிட்டது. கீழே இருந்த பூதவரிசை மட்டும் வெள்ளையடித்த நிலையில் நின்றது. அண்ணாந்து பார்த்துக்கொண்டே வந்தவள் இடப்பக்கத் துவாரபாலகரிடம் நின்றுவிட்டேன். கதாயுதம் ஏந்தி, ஒரு காலை மடித்து, உருட்டி விழித்துக்கொண்டிருந்தவர் எங்கள் ஊர் டீக்கடைக்காரர். ஐயமே இல்லை. கடன் கேட்பவனைப் பார்க்கிற அதே பார்வை. சாமரம் வீசுகிற தேவமங்கையைப் பார்த்தேன்; ரேஷன் கடையில் பொருள் நிறுத்துக் கொடுக்கும் அக்கா, அதே உதட்டுச் சுழிப்போடு. குழல் ஊதும் கந்தர்வன், டிராக்டர் ஓட்டுகிற பக்கத்து வீட்டு அண்ணன். நான் வாய்விட்டுச் சிரித்தேன். அன்றாடம் பார்க்கிற முகங்களை இப்படி உயரத்தில் தூக்கி வைத்ததும், நான் இதுவரை அவர்களைப் பார்த்ததே இல்லையோ என்று இருந்தது. டீக்கடைக்காரரின் மேலிமை அவ்வளவு அழகான வளைவு கொண்டது என்பது எனக்குத் தெரியாது. அவருடைய கடையில் எத்தனை வருடம் நின்றிருக்கிறேன்!

கலை கலைக்காகவா, வாழ்க்கைக்காகவா என்னும் தலைப்பில் நான் இரண்டு அணியிலும் பேசி இரண்டிலும் வென்றிருக்கிறேன். பேசிய எந்த மேடையிலும் ஒரு சிலையோ ஓவியமோ என் மனக்கண்ணில் நின்றதில்லை. சொற்கள் மட்டும் அணிவகுத்து நின்றன. அன்று காலை அந்தக் கோபுரத்தடியில்தான், பார்ப்பது என்றால் என்ன என்று தெரிந்த சந்தோஷம் எனக்குள் ஓடியது. அந்தச் சந்தோஷத்தோடே பார்வையைத் தாழ்த்தினேன். பூதவரிசையில் நடுவில் நான் இருந்தேன்.

அவமானம் பிறகு வந்தது. முதலில் வந்தது வெறும் திகைப்பு. கூட்ட நெரிசலில் யாரோ நம் பெயரைச் சொல்லிக் கத்தினால் ஒரு கணம் நம் பெயரே நமக்கு அந்நியமாக ஒலிக்குமே, அப்படி. மூக்கு நுனியின் வளைவு என்னுடையது. இடப்புருவம் வலப்புருவத்தைவிடச் சற்றே ஏறியிருப்பது என்னுடையது. அவற்றை வைத்துச் சிற்பி செய்திருந்த காரியம் மட்டும் எனக்குத் தெரியாதது. அத்தனை பெரிய வாய். அத்தனை பசி. இந்த முகத்தை வைத்துக்கொண்டா நான் அன்பைப் பற்றியும் அறத்தைப் பற்றியும் ஊர் ஊராகப் பேசினேன்?

சாந்துச் சட்டியோடு போன சித்தாள் ஒருத்தி, நடுவயதுக்காரி, நான் நிற்பதைப் பார்த்து நின்றாள்.

"என்னத்தா, ஒன்னய நீயே கண்டுபிடிச்சுட்டியா? நாங்க கண்டுபிடிச்சு ரொம்ப நாளாச்சு. மீசை ஒண்ணுதான் எச்சு."

வீட்டுக்குத் திரும்பி அம்மாவிடம் கொதித்தேன். அம்மா சம்பங்கிப் பூவை ஆய்ந்துகொண்டிருந்தாள். எங்களுக்குச் சொந்தமாகக் கொஞ்சம் பூக்காடு உண்டு. தினமும் காலையில் அம்மனுக்குக் கூடைப் பூவை அம்மாதான் கொண்டுபோய்க் கொடுக்கிறாள். எல்லாம் அவளுக்கு முன்பே தெரிந்திருந்தது. ஆடி மாதத்திலிருந்தே தெரியும் என்றாள். அப்படியானால் ஏன் சொல்லவில்லை என்றேன். சொன்னால் வந்து சண்டை போடுவாய் என்று தெரியும் என்றாள். பெற்ற மகளைப் பூதமாக்கி வாசலில் உட்கார வைத்திருக்கிறான், கும்பிட வருகிறவர்களெல்லாம் பார்த்துச் சிரித்துவிட்டுப் போவார்கள், உனக்கு ஒன்றும் தோன்றவில்லையா என்று அடுக்கினேன்.

"நீ பேசயில அப்பிடித்தான்டி இருக்கும்" என்றாள். பிறகு பூவைப் பார்த்துக்கொண்டே, "அது பாட்டுக்கு இருந்துட்டுப் போகுது. வாயில மட்டும் கை வைக்கச் சொல்லாத."

இது எனக்கு இரண்டாவது அதிர்ச்சி. என் மேடைகளில் முன்வரிசையில் அமர்ந்து புன்னகையோடு கேட்ட என் அம்மா, அத்தனை நாளும் பார்த்துக்கொண்டிருந்தது அந்த முகத்தையா?

கோயிலுக்குத் திரும்பிப் போய்ப் பெரியப்பாவைப் பிடித்தேன். அவர் சொன்ன செய்தி எனக்குக் கெடு விதித்தது. மறுநாள் விடியற்காலையில் வர்ணக்காரர் கண் திறக்கிறார். சுதை உருவங்களுக்கு விழியில் கருமை வைத்துவிட்டால் அதன்பிறகு அவற்றில் கரண்டியோ உளியோ படக் கூடாது; அடுத்த திருப்பணி வரைக்கும், அதாவது பன்னிரண்டு வருடத்துக்கு, அப்படியே இருக்க வேண்டியதுதான். பன்னிரண்டு வருடம். நான் எந்த மேடை ஏறினாலும், எந்தப் பட்டம் பெற்றாலும், ஊருக்கு வந்தால் வாசலில் அது வாயைப் பிளந்துகொண்டு காத்திருக்கும். அந்த வாயை இன்றைக்கே மூட வேண்டும், நான் மேலே ஏறிச் சிற்பியிடம் பேச வேண்டும் என்றேன்.

"பொம்பளப் புள்ள கோபுரத்துல ஏறப்படாது தாயி" என்றார் பெரியப்பா.

நான் சாரத்தைக் கையால் காட்டினேன். மூன்று பெண்கள் தலையில் சட்டியோடு கோபுரத்தின்மேல் ஏறிக்கொண்டிருந்தார்கள். முன்பு என்னிடம் பேசிய சித்தாள் அங்கிருந்தே, "எங்களப் பொம்பளைன்னு குழுவுல இன்னும் தீர்மானம் போடலத்தா" என்றாள். பெரியப்பா சுற்றிலும் பார்த்தார். "செருப்பக் கழட்டிட்டு ஏறு" என்றார்.

சிற்பி என்னை ஒத்த வயதினன். சிற்பக் கல்லூரியில் படித்தவன், சிவகங்கைப் பக்கத்துக்காரன். காதில் பாட்டுக் கேட்கும் கருவியைச் செருகிக்கொண்டு, ஒரு யாளியின் பல் இடுக்கைத் துடைத்துக்கொண்டிருந்தான். நான் வந்து நின்றதும் கருவியைக் கழற்றினான். யாரென்று கேட்கவில்லை. என்னைப் பார்த்தான், பூதத்தைப் பார்த்தான், திருப்தியடைந்தவன்போல் லேசாகத் தலையாட்டினான். அந்தத் தலையாட்டலுக்காகவே அவனைச் சாரத்திலிருந்து தள்ளிவிடலாம் என்றிருந்தது.

எந்த உரிமையில் என் முகத்தை எடுத்தீர்கள் என்று கேட்டேன்.

"நீங்க குடுத்த உரிமைதான்" என்றான். "சித்திரைத் திருவிழாவுல பேசுனீங்கள்ல? 'எங்கோ பிறந்தவர் முகத்தை எங்கள் கோபுரத்தில் வைக்காதீர்கள், எங்கள் ஊர் முகங்களை வையுங்கள்'னு? நான் அப்ப சாரத்துலதான் ஒக்காந்திருந்தேன். ஊரே கைதட்டுச்சு. குழுத்தலைவரும் தட்டுனாரு. மறுநா அவருகிட்டக் கேட்டேன், 'அந்தப் பொண்ணு சொன்னாப்புலயே செஞ்சுருங்க'ன்னாரு."

நான் சொன்னது உண்மை. திருவிழாவிலேயே நடந்த நன்கொடை திரட்டும் கூட்டம் அது. முடிப்புக்கு ஏறுவதற்கு முன்னால் ஒரு படிக்கட்டு தேவைப்பட்டது. அந்த வாக்கியத்தைப் போட்டேன். நன்றாக அமைந்தது. அதை நம்பி ஒருவன் மறுநாள் காலையில் சாந்து குழைப்பான் என்று எந்தப் பேச்சாளர்தான் எதிர்பார்ப்பார்? என் வாயிலிருந்து வந்த ஒரு வாக்கியம் சிமென்டும் கம்பியுமாக என் முன்னே நிற்பதைப் பார்த்துத் தடுமாறிப்போனேன். மேடையில் நான் சொன்னவை எல்லாம் இப்படி எங்காவது நின்றுகொண்டிருக்குமோ?

சமாளித்துக்கொண்டு வாதத்துக்கு வந்தேன். ஊர் முகம் என்று வைப்பதானால் சரஸ்வதி இருக்கிறாள், கல்விக்குரியவள், பேச்சுக்குரியவள்; அந்த இடத்தில் வைத்திருக்கலாமே என்றேன்.

"சரஸ்வதி பேசி எங்கயாச்சும் பாத்திருக்கீங்களா?" என்றான். "வீணைய மடியில வச்சுக்கிட்டு அமைதியா இருக்கும். கோபுரத்துல வாயத் தொறக்குறது யாளியும் பூதமுந்தான். ஒங்கள வாய மூடி வச்சா அது நீங்களே இல்ல. திருவிழா ஒரு வாரமும் நீங்கதான் மைக்குல; குழாய் ரேடியோவ எங் காதுகிட்டக் கட்டிட்டாய்ங்க. ஒங்க சத்தத்துலயே வேலை பாத்தேன். பாரந் தாங்குற மூஞ்சி எப்படி இருக்கும்னு அதுவரைக்கும் எனக்குப் பிடிபடல. நீங்க உச்சத்துக்குப் போறப்ப எட்டிப் பாத்தேன். பிடிபட்டுருச்சு."

பூதத்தின் வாயை மூடுங்கள், அல்லது முகத்தை மாற்றுங்கள் என்றேன். தன் கையால் அதைச் செய்ய மாட்டேன் என்றான். குழுவைக் கூட்டுவேன் என்றேன். கூட்டுங்கள், அதற்குள் விடிந்துவிடும் என்றான். பிறகு என்ன நினைத்தானோ, ஒரு சின்னக் கரண்டியைத் தண்ணீரில் அலசி என் கையில் கொடுத்தான். "நீங்களே மூடுங்க. எப்படின்னு மட்டும் சொல்லித் தாரேன்."

இப்படித்தான் நான் சிற்ப வேலையில் இறங்கினேன். பூதத்தின் உதட்டில் இருந்த வெள்ளையைச் சுரண்டச் சொன்னான். தூரிகையால் தண்ணீர் அடித்து, சிமென்டுப் பாலைப் பூசச் சொன்னான். குழைத்த சாந்து பார்ப்பதற்குச் சாதுவாக இருந்தது. கையில் எடுத்ததும் எந்தப் பக்கம் வழியலாம் என்று காத்திருந்தது. முதலில் வைத்த உருண்டை வாய்க்குள் நிற்காமல் கீழே விழுந்தது. கீழே யாரோ திட்டினார்கள். சிற்பி செங்கல் சில்லு ஒன்றை உள்ளே கொடுத்து, அதன்மேல் வைக்கச் சொன்னான். வைத்தேன், அழுத்தினேன், வழித்தேன். என் முகத்துக்கு அவ்வளவு அருகில், அதைவிடப் பெரிய என் முகம். அதன் வாய்க்குள் என் கை. மேலுதட்டையும் கீழுதட்டையும் சேர்க்கிற கோட்டைக் கரண்டி நுனியால் இழுத்தேன். அழகான கோடுதான். எனக்கே வியப்பாக இருந்தது. பிறகு சாரத்தின் விளிம்புக்கு நகர்ந்து பார்த்தேன்.

பூதம் செத்துவிட்டது.

இதற்கு வேறு சொல் என்னிடம் இல்லை. தூக்கிய கை அப்படியே இருந்தது. நீட்டிய விரல் அப்படியே இருந்தது. நரம்பு புடைத்த கழுத்தும் இருந்தது. ஆனால் அவை எதுவும் இப்போது ஓர் உயிருக்குச் சொந்தமாக இல்லை. வெள்ளையடித்த முகத்தில், ஈரச் சாம்பல் நிறத்தில், இறுக்கி மூடிய உதடு. தாடையைத் துணியால் கட்டிக் கிடத்தியவர்களின் உதடு. அந்த முகத்தை எனக்குத் தெரியும். என் முகமாக அல்ல, வேறொருவரின் முகமாக.

என் அப்பா திண்டுக்கல் பூ மார்க்கெட்டில், ஒரு கமிஷன் மண்டியில் ஏலம் கூறியவர். இருட்டிலேயே மொபெட்டில் கிளம்பிப் போவார். வெயில் ஏறித் திரும்பி வருவார். வரும்போது தொண்டையில் மிச்சம் எதுவும் இருக்காது. வெந்நீர் குடிப்பார். சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள வெஞ்சனம் இன்னும் கொஞ்சம் வேண்டுமென்றாலும் விரலால்தான் காட்டுவார். நான் ஒன்பதாம் வகுப்பு படிக்கையில் இறந்துபோனார். பெண்பிள்ளையை அந்த நெரிசலுக்குள் அழைத்துப் போவதில்லை என்பது வீட்டு வழக்கமாதலால், அவர் வேலை பார்த்ததை நான் ஒரு நாளும் பார்த்ததில்லை. எனக்குத் தெரிந்த அப்பாவின் முகங்கள் இரண்டே. வெந்நீர் டம்ளருக்குப் பின்னால் மூடியிருந்த முகம் ஒன்று. குளிர்பெட்டியின் கண்ணாடிக்குக் கீழே, தாடைக்கட்டோடு மூடியிருந்த முகம் ஒன்று. என் கையால் நான் இப்போது செய்து வைத்திருந்தது அந்த இரண்டாவது முகம்.

சவுக்குக் கம்பைப் பிடித்துக்கொண்டேன். என் முகத்தில் அப்பா இருக்கிறார் என்று யாரும் என்னிடம் சொன்னதில்லை. அப்பாவின் சாயல் இல்லை, அம்மாவின் சாயலும் இல்லை, தானாக வளர்ந்த பெண் என்றே சொல்லிக்கொண்டு வளர்ந்திருந்தேன். பேச்சும் அப்படித்தான், நூலகத்திலும் போட்டி மேடையிலும் நானே தேடிக்கொண்டது என்று.

அப்போது கீழேயிருந்து ஒரு குரல் கேட்டது. யாருடையது என்று உடனே தெரியவில்லை. அம்மா குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை.

"அவரு வாய ஏன்டி மூடுன?"

அம்மா கோபுர வாசலில் நின்றிருந்தாள். பூக்கூடை காலடியில் கவிழ்ந்திருந்தது. சித்தாள்கள் வேலையை நிறுத்திவிட்டு நின்றார்கள். பெரியப்பா துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். அவருக்கும் தெரிந்திருக்கிறது. ஊரில் பாதிப் பேருக்குத் தெரிந்திருக்கிறது. மண்டியில் பூப் போடத் திண்டுக்கல் போனவர்கள் எல்லாரும் அந்த முகத்தைப் பார்த்தவர்கள்தாம். பார்க்காதவள் நான் ஒருத்தி.

அம்மா ஏணியில் பாதி வரைக்கும் ஏறி வந்தாள். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகியிருந்தாள். மூச்சு வாங்கியது. மற்றவர்களுக்குக் கேட்கக் கூடாது என்பதுபோல் பேசினாள். ஆனால் அந்த அமைதியில் எல்லாருக்கும் கேட்டது.

"ஒங்கப்பாவ நீ மண்டியில பாத்ததில்ல. நான் பாத்திருக்கேன். கல்யாணத்துக்கு முன்னால மல்லிகை கொண்டுட்டுப் போறப்பவே பாத்திருக்கேன். மேடைப் பலகையில ஏறி நின்னு, வெரல நீட்டி, இப்படித்தான் கூவுவாரு. அம்புட்டுச் சத்தத்துலயும் அவரு சத்தந்தான் கேக்கும். வீட்டுக்கு வந்தா ஊமை. எனக்கு அந்த மூஞ்சி போயிருச்சுன்னு இருந்தேன். அப்பிடிக் கூவுறப்ப எடுத்த போட்டோ ஒண்ணு கெடையாது. இவென் வச்சுக் குடுத்தான். தெனம் வந்து பாத்துட்டுப் போறேன்."

சிற்பியைப் பார்த்தேன். இவ்வளவு நேரம் திமிராக நின்றவன் முகம் வெளுத்துப் போயிருந்தது. "சத்தியமா எனக்கு அவரத் தெரியாதுக்கா" என்றான் அம்மாவிடம். "இவங்களப் பாத்துத்தான் செஞ்சேன்." தன் கைகளை ஒருமுறை பார்த்துக்கொண்டான். அந்தக் கைகள் செய்தது என்ன என்று அவனுக்கும் இப்போதுதான் தெரிந்திருக்கிறது. ஒருவன் ஒரு முகத்தை உற்றுப் பார்த்தால், அந்த முகத்துக்குரியவளுக்கே தெரியாத ஒருவர் உள்ளேயிருந்து எழுந்து வந்து நிற்பார் என்றால், இது என்ன வேலை? இதைக் கலை என்ற ஈரெழுத்துச் சொல்லுக்குள் அடக்கி, அதற்கு இரண்டு அணி பிரித்து, நடுவர் வைத்து, நாங்கள் மேடைதோறும் பேசிக்கொண்டிருக்கிறோம்.

சாந்து இறுகத் தொடங்கியிருந்தது. கரண்டியைத் தேட நேரமில்லை. விரலை நுழைத்துத் தோண்டினேன். நான் இழுத்த அழகான கோடு முதல் இழுப்பிலேயே போயிற்று. சில்லு உருண்டு வெளியே வந்தது. நகக்கண்ணில் சிமென்டு ஏறி எரிந்தது. மேலண்ணத்தை வழித்தேன், பற்களின் பின்புறத்தை வழித்தேன், தொண்டைக்குழி தெரியும்வரை வழித்தேன். அடியில் மட்டும் கொஞ்சம் சாந்து ஒட்டிக்கொண்டு, என் இரண்டு விரல் இழுத்த பள்ளத்தோடு நின்றுவிட்டது. அதையும் எடுக்கப் போனேன். சிற்பி என் மணிக்கட்டைப் பிடித்தான். "விடுங்க. நாக்கு. நான் வைக்க மறந்தது" என்றான்.

நகர்ந்து பார்த்தேன். பாரம் திரும்பி வந்திருந்தது. கையும் கழுத்தும் விரலும் மறுபடியும் ஒரே ஆளுக்குச் சொந்தமாகிவிட்டன. முன்பு வெறும் திறப்பாக இருந்த வாய் இப்போது ஏதோ ஒரு சொல்லின் நடுவில் இருந்தது.

அம்மா ஏணியிலிருந்து இறங்கிக் கீழே போய், கண்ணுக்கு மேல் கையைக் குவித்துப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். அவள் அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அவளோ, துணிக்கடையில் சேலைக்கு ஓரம் சரியில்லை என்று சொல்கிற குரலில், "காது ஒட்டியிருக்கு" என்றாள்.

சிற்பிக்குப் புரியவில்லை.

"அவருக்கு வெடச்ச காது. எதுத்தாப்புல நின்னா ரெண்டுந் தெரியும். இது அவ காது."

அவன் மறுக்கவில்லை. சாந்தைக் குழைத்து, கம்பித் துண்டு இரண்டை வளைத்து, என்னிடமே நீட்டினான். நான் வைக்க, கீழேயிருந்து அம்மா சொன்னாள். இன்னுங் கொஞ்சம் வெளியே. அம்புட்டு வேண்டாம். மடலு மேலே கூரா வரும். மற்றப் பக்கத்தையும் பார். நான் வாழ்க்கையில் ஒருமுறையும் கவனித்துப் பார்த்திராத ஒரு காதை, கவனித்த ஒருத்தியின் சொல்லைக் கேட்டுக் கேட்டு விரலால் வளைத்துக்கொண்டிருந்தேன். என் சொல்லைக் கேட்டுப் பிறர் எழுவதும் அமர்வதும் எனக்குப் பழக்கம். இன்னொருவர் சொல்ல என் கை அசைந்தது புதிது. அம்மா சொன்ன சொற்களில் அலங்காரம் ஒன்றுமில்லை. உள்ளே, வெளியே, போதும், இன்னும் என்பவைதாம். அவற்றிலிருந்து ஒரு மனிதனின் காது உருவாகி வந்தது. "போதும். அப்பிடியே விட்ரு" என்று அவள் சொன்னபோது சித்தாள்களில் ஒருத்தி, "ஆமா, அண்ணனேதான்" என்றாள்.

நான் இறங்கினேன். கை முழுக்கச் சிமென்டு. அம்மாவின் பக்கத்தில் போய் நின்று அண்ணாந்தேன். என் மூக்கு அங்கேயே இருந்தது. ஏறிய இடப்புருவமும் இருந்தது. இரண்டு காதுகளை மாற்றியதில் அவையெல்லாம் அணி மாறிவிட்டன. அந்த முகத்தில் என்னைத் தேடித் தேடிப் பார்த்தேன். என்னைக் காணவில்லை. காலையில் என்னை விட்டு ஒழிய வேண்டும் என்று நான் சண்டையிட்ட முகம், மாலையில் என்னைக் கேட்காமலேயே ஒழிந்துவிட்டது. அதுவும் ஒரு திகைப்பாகத்தான் இருந்தது, விடுதலையாக இல்லை.

மறுநாள் விடியற்காலையில் வர்ணக்காரர் வந்தார். இரவில் சாந்து நன்றாகவே இறுகியிருந்தது. பூதவரிசைக்குப் பச்சையும் நீலமும் ஏற்றிவிட்டு, மேலே தெய்வங்களுக்குக் கண் திறக்கப் போனார். ஒவ்வொரு தெய்வத்துக்கும் முதற்பார்வைக்கென்று கண்ணாடி காட்டினார்கள். கீழே பசுவைக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்கள். பூதங்களின் முறை வந்தபோது பெரியப்பா எல்லாரையும் கலைந்து போகச் சொன்னார். பூதத்துக்கெல்லாம் அந்தச் சடங்கு கிடையாது, மை வைத்தால் போதும் என்றார்.

எல்லாரும் கலைந்தார்கள். அம்மா மட்டும் தலையில் பூ வைத்துக்கொண்டு வந்திருந்தாள். அப்பா போனபிறகு அவள் வைத்து நான் பார்த்ததில்லை. நடுப்பூதத்துக்கு நேர் எதிரில், அது கண் திறந்தால் முதலில் படுகிற இடத்தில் போய் நின்றுகொண்டாள். நகரச் சொல்லிப் பெரியப்பா வாயெடுத்தார். நான் அவரைப் பார்த்தேன், அவர் நிறுத்திக்கொண்டார். வர்ணக்காரர் தூரிகையைக் கருமையில் தோய்த்து, எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்று மேலேயிருந்து கேட்டார்.

"நேரா" என்றாள் அம்மா.